‘காஷ்’ என்னும் சொல்லின் இரு பிறப்புகள்

யாழ்ப்பாணத்தில் க.பொ.த. உயர்தர வகுப்பில் கணக்கீடு படிக்கும் பிள்ளைகள், ஆங்கிலத்தில் ‘காஷ்’ என்று வருமிடமெல்லாம் தமிழில் ‘காசு’ என்றே எழுதப் பழகுகிறார்கள். காஷ் புக் காசேடு ஆகிறது. பெற்றி காஷ் புக் சில்லறைக் காசேடு ஆகிறது. ஆண்டிறுதியில் காசுப் பாய்ச்சல் கூற்றுத் தயாரிக்கப்படுகிறது. தபாற் கந்தோரில் காசுக்கட்டளை, வங்கியில் காசோலை, அதை வாங்கி மாற்றித் தருபவர் காசாளர். தமிழ்நாட்டில் இந்த இடங்கள் பலவற்றில் ரொக்கம் என்றும் பணம் என்றும் எழுதுவதால், அங்கு இந்த ஒற்றுமை அவ்வளவாகக் கண்ணிற் படுவதில்லை. இங்கேயோ எழுத்தில் மட்டுமன்றிப் பேச்சிலும் காசுதான் ஆட்சி செய்கிறது. சீதனக் காசு, வெளிநாட்டுக் காசு, சீட்டுக் காசு என்று எதற்கும் அதுவே முன்வரும். புகையிலையும் வெங்காயமும் காசுப்பயிர்கள். பொருளும் ஒன்று, ஒலியும் ஏறக்குறைய ஒன்று என்று இருக்கும்போது, ஆங்கிலேயர் இந்தச் சொல்லை எங்களிடமிருந்தே எடுத்துக்கொண்டார்கள் என்ற முடிவுக்கு வருவதற்கு எவருக்கும் அதிக நேரம் பிடிப்பதில்லை.

எங்களுடைய உச்சரிப்பும் இந்த முடிவுக்குத் துணை செய்கிறது. தமிழ்நாட்டார் ‘பேங்க்’, ‘பேக்’, ‘கேஷ்’ என்று ஏகாரமிட்டு எழுதும் ஆங்கிலச் சொற்களை இலங்கைத் தமிழர் ‘பாங்க்’, ‘பாக்’, ‘காஷ்’ என்று ஆகாரமிட்டு எழுதுகிறோம். இறுதியில் நிற்கும் ஷகரத்தைச் சகரமாக்கி, தமிழ் இயல்புக்கு ஏற்ப ஓர் உகரத்தையும் சேர்த்துவிட்டால் காஷ் காசாகவே ஆகிவிடும். கட்டுமரம், சுருட்டு, கறி முதலிய சொற்கள் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றவை என்பதை ஆங்கில அகராதிகளே ஒப்புக்கொள்கின்றன என்பதால், அந்த வரிசையில் இதையும் சேர்ப்பதில் தவறில்லை என்றும் தோன்றும்.

ஆயினும் இந்த முடிவு பாதிதான் உண்மை. ஆங்கிலத்தில் ‘காஷ்’ என்ற எழுத்துக்கூட்டலில் இரண்டு தனிச் சொற்கள் இருக்கின்றன. பெரிய அகராதிகள் அவற்றுக்குத் தனித்தனி எண்ணிட்டு, தனித்தனிப் பதிவுகளாகவே தருகின்றன. ஒன்று இன்று உலகம் முழுவதும் வழங்கும், கைப்பணத்தைக் குறிக்கும் சொல். அதற்கும் தமிழுக்கும் தொடர்பில்லை. மற்றையது கீழைத்தேயங்களில் வழங்கிய சிறு நாணயங்களைக் குறித்த சொல். அது தமிழ்க் காசின் வழி வந்தது. தமிழுக்கு உரியதைத் துணிந்து உரிமை கோருவதற்கு, உரியதல்லாததைப் பிரித்துவைக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதனால் இவ்விரண்டின் வரலாற்றையும் சற்று விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

முதற் சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது. பிடித்தல், எடுத்தல், கொள்ளுதல் என்னும் பொருள்களைத் தரும் ‘கப்பேரே’ என்ற வினையிலிருந்து ‘கப்ஸா’ என்ற பெயர் பிறந்தது. பொருளை உள்ளே கொள்ளும் பெட்டி அது. உரோமர் தங்கள் நூற்சுருள்களை இட்டுவைத்த உருளை வடிவப் பெட்டிக்கும் அதுவே பெயர். இந்தச் சொல் இத்தாலியில் ‘காஸ்ஸா’ ஆயிற்று. பிரான்சின் தென்பகுதி மொழியில் ‘காய்ஸா’ ஆயிற்று. பிரெஞ்சில் ‘கேஸ்’ ஆயிற்று. இத்தாலிய வணிகர் பணப்பெட்டியைக் காஸ்ஸா என்றனர். பெட்டிக்குள் வருவதையும் போவதையும் பதியும் கணக்குக்கும் அதே பெயரை இட்டனர். 1494 இல் வெனிஸ் நகரில் அச்சான லூக்கா பச்சியோலியின் கணித நூலில் இரட்டைப் பதிவு முறை விளக்கப்படும் இடத்தில், காஸ்ஸா என்ற கணக்கும் மூலதனக் கணக்கும் முதன்மையான இரண்டு கணக்குகளாக வருகின்றன. இன்று எங்கள் பிள்ளைகள் எழுதும் காசுக் கணக்கின் நேர் மூதாதை அந்த வெனிஸ் நகரத்துப் பெட்டிக் கணக்குத்தான்.

ஆங்கிலத்தில் இச்சொல் 1590களில் தென்படத் தொடங்குகிறது. அப்போது அதற்குப் பணப்பெட்டி என்ற பொருளும் இருந்தது, பெட்டியிலுள்ள பணம் என்ற பொருளும் இருந்தது. 18 ஆம் நூற்றாண்டளவில் பெட்டி மறைந்து பணம் மட்டும் நின்றது. அதன் பின்னர் காசோலையைப் பணமாக மாற்றுவதைக் குறிக்கும் வினையாகவும் அது விரிந்தது. இன்றைய கணக்கீட்டு நியமங்களின்படி, கையிலுள்ள நாணயமும் தாளும் மட்டுமன்றி, கேட்டவுடன் எடுக்கக்கூடிய வங்கி வைப்பும் ‘காஷ்’ என்பதற்குள் அடங்கும். பெட்டியில் தொடங்கிய சொல் இப்போது கண்ணால் காணவோ கையால் தொடவோ முடியாத இருப்பையும் குறிக்கிறது.

கொள்கலத்தின் பெயர் உள்ளிருக்கும் பொருளுக்கு ஆகிவருவது எங்களுக்கும் புதிதன்று. யாழ்ப்பாணத்துக் கடைகளில் மேசை இழுப்பறைக்கு லாச்சி என்று பெயர். ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொற்களுள் அதுவும் ஒன்று. கடை பூட்டும் நேரத்தில் முதலாளி வேலையாளிடம் “லாச்சியில எவ்வளவு?” என்று கேட்டால், அவர் கேட்பது பணத்தைப் பற்றியே தவிர மரப்பலகையைப் பற்றி அன்று. கோயிலில் காணிக்கை இடும் பெட்டியும் உண்டியல். வெளிநாட்டிலிருந்து வங்கி வழியன்றி ஆள்வழியாகக் கைமாறி வரும் பணமும் உண்டியல். ஆங்கிலத்தில் வரவுசெலவுத் திட்டத்தைக் குறிக்கும் ‘பட்ஜெட்’ என்பதும் பழைய பிரெஞ்சில் சிறு தோற்பையைக் குறித்த சொல்லின் வழி வந்ததே. ஆகவே பெட்டி பணமானது என்ற விளக்கம் வலிந்து கட்டிய விளக்கமல்ல. பணத்தைக் குறித்த சொற்களின் வரலாற்றில் அடிக்கடி நிகழ்ந்த மாற்றமே.

இந்த வழிமுறையை உறுதிப்படுத்துவது பகரம். இலத்தீன் கப்ஸாவில் இருந்த பகர ஒலி இத்தாலியில் சகரத்தோடு ஒன்றி இரட்டித்தது. வேறு சில மொழிகளில் தேய்ந்து மறைந்தது. ஆனால் அதே வேரிலிருந்து கல்வியாளரின் நேரடி இலத்தீன் அறிவு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த ‘கப்சூல்’ என்ற சொல்லில் அந்தப் பகரம் இன்னும் அப்படியே இருக்கிறது. பெட்டியைக் குறிக்கும் ‘கேஸ்’, ஒரு காலத்தில் இங்கு வீட்டுக்கு வீடு பாட்டுக் கேட்ட ‘கசற்’ எல்லாம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. காஷ் என்பது காசிலிருந்து வந்ததாயின், இந்தச் சொற்களோடு அதற்கு ஐரோப்பிய மொழிகள் தோறும் காணப்படும் ஒலியுறவையும் பொருளுறவையும் விளக்க வழியில்லை. காலமும் இடங்கொடுக்கவில்லை. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கொம்பனி 1600 இல்தான் தொடங்கப்பட்டது. சென்னையில் அவர்கள் நிலம் பெற்றது 1639 இல். யாழ்ப்பாணக் கோட்டை அவர்கள் கைக்கு வந்தது 1795 இல். தமிழரோடு நாளாந்தக் கொடுக்கல் வாங்கல் ஏற்படுவதற்கு முன்னரே இலண்டன் வணிகர் தங்கள் பணப்பெட்டியைக் காஷ் என்று சொல்லத் தொடங்கிவிட்டனர்.

இனி இரண்டாம் சொல்லுக்கு வரலாம். இங்கேதான் தமிழின் உரிமை தெளிவாக இருக்கிறது.

காசு என்ற சொல் தமிழில் நாணயத்தைக் குறிப்பதற்கு முன்னரே அணிகலனைக் குறித்தது. குறுந்தொகையின் 67 ஆம் பாடலில் அள்ளூர் நன்முல்லையார் காட்டும் காட்சி அதற்குச் சான்று. கிளி தன் வளைந்த வாயில் வேப்பம்பழம் ஒன்றைக் கவ்வியிருக்கிறது. அது எப்படித் தோன்றுகிறதென்றால், புதிய நூலில் கோப்பதற்காகக் கூர்மையான நகங்களுக்கிடையில் ஒருவர் பிடித்திருக்கும் பொன்னணியின் ஒரு காசைப் போலத் தோன்றுகிறது. வேப்பம்பழத்தின் அளவும், பழுத்த மஞ்சள் நிறமும், கிளியின் அலகைப் போல வளைந்த நகமும் ஒருங்கே அமைந்த இந்த உவமையிலிருந்து, அக்காலக் காசு பொன்னாலான சிறு மணி போன்றது என்பதும், நூலிற் கோத்து அணியப்பட்டது என்பதும் தெரிகின்றன. காசுமாலை என்ற பெயரில் அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. வெண்பாவின் ஈற்றுச்சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்று வாய்பாடு சொல்லும்போது காசோடு இணைந்து வரும் பிறப்பும் ஓர் அணிகலத்தின் பெயரே. காசும் பிறப்பும் கலகலக்க ஆய்ச்சியர் தயிர் கடைவதை ஆண்டாள் பாடியிருக்கிறார்.

தேவார காலத்தில் காசு முழு நாணயமாகிவிட்டது. திருவீழிமிழலையில் பஞ்சம் நேர்ந்தபோது அப்பருக்கும் சம்பந்தருக்கும் நாள்தோறும் படிக்காசு கிடைத்த வரலாறு எங்கள் சைவசமயப் பாடத்தில் எல்லோரும் படிப்பது. சம்பந்தருக்குக் கிடைத்த காசைக் கடைக்காரர் வட்டம் கழித்தே மாற்றிக்கொடுத்தனர். அதனால் அவருடைய மடத்தில் அமுது படைப்பது தாமதமாயிற்று. அப்போது அவர் பாடியதே ‘வாசி தீரவே காசு நல்குவீர்’ என்று தொடங்கும் பதிகம். வாசி என்பது நாணயத்தின் தரக்குறைவுக்காகக் கழிக்கப்படும் தொகை. 7 ஆம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டில் நாணயத்தைச் சோதித்து மதிப்பிடும் கடைத்தெரு இருந்தது என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லும் வேறொரு வரி எனக்குத் தெரியாது. 10 ஆம் நூற்றாண்டுச் சோழர் கல்வெட்டுகளில் ஈழக்காசு என்றொரு நாணயப் பெயரே வருகிறது. நல்லூரிலிருந்து ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் நந்தி உருவத்தோடு ‘சேது’ என்ற எழுத்தைப் பொறித்து நாணயம் வெளியிட்டனர். சிங்களத்திலும் நாணயத்துக்குக் ‘காசி’ என்பதே பெயர்.

போர்த்துக்கேயர் இந்தக் கடல்களுக்கு வந்தபோது கேட்ட சொல் இதுவே. அவர்கள் அதைக் ‘காய்ஷா’ என்று எழுதினர். இந்த இடம் மிகவும் கவனிக்கத்தக்கது. போர்த்துக்கேய மொழியில் காய்ஷா என்பது ஏற்கெனவே இருந்த சொல். பெட்டி என்று பொருள்படும் சொல். இலத்தீன் கப்ஸாவின் நேர்ப்பிள்ளை. வேற்று மொழிச் சொல்லைக் கேட்டவர்கள் அதைத் தங்கள் வாய்க்குப் பழகிய சொல்லின் அச்சில் வார்த்துக்கொண்டார்கள் என்றே கருத இடமுண்டு. இவ்வாறு இலத்தீனிலிருந்து வந்த பெட்டியும் தமிழிலிருந்து வந்த காசும் ஆங்கிலத்தில் ஒன்றுபோல் ஆவதற்கு முன்பே போர்த்துக்கேயத்தில் ஒரே எழுத்துக்கூட்டலைப் பெற்றுவிட்டன.

போர்த்துக்கேயரோடு இச்சொல் மலாக்காவுக்கும் ஜாவாவுக்கும் சீனக் கரைக்கும் சென்றது. 1598 இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு வெளிவந்த லின்ஸ்கோட்டன் என்ற ஒல்லாந்தரின் பயண நூல், ஜாவாத் தீவின் மேற்கிலுள்ள சுண்டா நாட்டில் காய்ஷா என்ற செப்பு நாணயத்தைத் தவிர வேறு நாணயம் இல்லை என்று சொல்கிறது. அகலத்தில் அது ஒல்லாந்துத் துட்டு அளவு இருக்கும். தடிப்பில் அதன் பாதிகூட இராது. நடுவில் துளை இருக்கும். இருநூறாகவோ ஆயிரமாகவோ ஒரே கயிற்றில் கோத்து வைப்பார்கள். இது சீன வகை நாணயம். சீனருக்கு அதற்குத் தங்கள் சொந்தப் பெயர்கள் இருந்தன. ஆயினும் ஐரோப்பியர் அதைத் தென்னிந்தியக் கரையில் கற்ற பெயராலேயே அழைத்தனர். அதனாலேயே நடுவில் சதுரத் துளையுள்ள சீனச் செப்பு நாணயங்கள் இன்றளவும் ஆங்கில நாணயவியல் நூல்களில் ‘சைனீஸ் காஷ்’ எனப்படுகின்றன. தமிழ்ச் சொல் ஒன்று சீன நாணயத்தின் உலகப் பெயராயிற்று என்பது, கைப்பணத்தைக் குறிக்கும் சொல்லைத் தவறாக உரிமை கோருவதைவிடப் பெருமைப்படத்தக்க வரலாறு என்றே நான் நினைக்கிறேன்.

ஆங்கிலேயரும் இந்தப் பெயரைச் சென்னையில் அரச நாணயத்துக்கே இட்டனர். 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன் என்பது அங்கிருந்த கணக்கு. 1818 இல் ரூபாய் முறை நிலைபெறும்வரை இந்தக் கணக்கே நடந்தது. கொம்பனிக்காக 1803 இலும் 1808 இலும் பேர்மிங்ஹாம் நகருக்கு அண்மையிலிருந்த சோஹோ நாணயச்சாலையில் 10 காசு, 20 காசு நாணயங்கள் அச்சடிக்கப்பட்டன. ஒரு புறத்தில் கொம்பனியின் சின்னம். மறுபுறத்தில் பாரசீக எழுத்து, அதன் கீழே உரோம இலக்கத்தோடு ஆங்கிலத்தில் ‘காஷ்’. 1808 ஆம் ஆண்டுக் காசுகளைப் பீப்பாய்களில் ஏற்றிக்கொண்டு புறப்பட்ட ‘அட்மிரல் கார்டினர்’ என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கரையை விட்டு நீங்குமுன்பே குட்வின் மணற்றிட்டில் மோதி மூழ்கியது. 1980களில் அந்த நாணயங்கள் பெருமளவில் வெளியே எடுக்கப்பட்டன. கடலடியில் ஒட்டிக் கட்டியாகிப்போன அந்தச் செப்பில் எழுதியிருக்கும் ‘காஷ்’ எங்கள் காசுதான். அதை அச்சடித்த ஆங்கிலத் தொழிலாளி தன் கூலியைப் பெற்ற ‘காஷ்’ வேறு. தரங்கம்பாடியில் டேனியர் தங்கள் நாணயத்தில் ‘காஸ்’ என்று பொறித்தனர். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் ‘காஷ்’ என்றும் ‘தூதூ’ என்றும் நாணயம் வெளியிட்டனர். அந்தத் தூதூ எங்கள் துட்டு என்பதை விளக்க வேண்டியதில்லை.

தமிழ்க் காசுக்கே மூலம் வேறெங்கோ உண்டா என்ற கேள்வியும் இருக்கிறது. 1886 இல் யூலும் பர்னெலும் வெளியிட்ட ஆங்கில-இந்தியச் சொற்களஞ்சியம் முதலாகப் பல அகராதிகள், வடமொழியில் ஓர் எடைப்பெயராக வழங்கிய ‘கர்ஷ’ என்பதைக் காட்டுகின்றன. கர்ஷ என்பது ஒரு பலத்தின் காற்பங்கு. தமிழில் அதே காற்பலத்துக்குக் கஃசு என்று பெயர். ஒரு பலப் புழுதி காற்பலமாகும்வரை காயவிட்டு உழுதால் ஒரு பிடி எருவும் வேண்டாம் என்று திருக்குறள் உழவு அதிகாரத்தில் சொல்லும்போது ‘தொடிப்புழுதி கஃசா உணக்கின்’ என்று வருகிறது. எடையும் ஒலியும் பொருந்துவதால் கஃசு என்ற சொல்லைக் கர்ஷவோடு இணைப்பது எளிது. ஆனால் குறுந்தொகைக் காசு எடையன்று. நூலிற் கோக்கும் பொன்மணி. அணிகலனிலிருந்து நாணயத்துக்கு வந்த ஒரு சொல்லை, அளவையிலிருந்து வந்தது என்று கொள்வதற்கு இன்னும் வலுவான ஆதாரம் வேண்டும் என்பது என் கருத்து. தமிழுக்குள்ளேயே காசு என்ற ஒலியில் வேறொரு பொருளும் உண்டு என்பதையும் மறக்கக்கூடாது. கோவலன் கண்ணகியைக் ‘காசறு விரையே’ என்று அழைக்கும்போது அங்கு காசு என்பது குற்றம்.

ஒலி ஒற்றுமையை மட்டும் கொண்டு உறவை முடிவுசெய்வது ஏன் ஆபத்தானது என்பதற்கு எங்கள் நாணயத்திலேயே இன்னோர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 1872 இல் இலங்கையில் ரூபாயை நூறாகப் பகுத்தபோது அந்த நூற்றிலொரு பங்குக்கு ஆங்கிலத்தில் ‘சென்ற்’ என்றும் தமிழில் சதம் என்றும் பெயர் வழங்கலாயிற்று. சதம் வடமொழியில் நூற்றைக் குறிப்பது. சென்ற் என்பது நூற்றைக் குறிக்கும் ‘கெந்தும்’ என்ற இலத்தீன் சொல்லின் வழி வந்தது. இவ்விரண்டும் உண்மையிலேயே ஒரே மூதாதையின் வழிவந்தவை; ஆங்கிலத்தின் ‘ஹண்ட்ரட்’ என்பதும் அவற்றுக்கு உறவு. வடமொழியில் சகரம் வருமிடத்தில் இலத்தீனில் ககரமும் ஆங்கிலத்தில் ஹகரமும் வருவது ஒரு சொல்லில் மட்டுமன்றிப் பல சொற்களில் ஒழுங்காக நிகழ்கிறது. இதயத்தைக் குறிக்கும் சொல்லில் இலத்தீன் ‘கோர்’ என்றும் ஆங்கிலம் ‘ஹார்ட்’ என்றும் சொல்வது அதே ஒழுங்குதான். ஹண்ட்ரட் என்பதும் சதம் என்பதும் காதுக்குச் சிறிதும் ஒத்துவராதவை. ஆனால் அவை உறவினர். காஷ் என்பதும் காசு என்பதும் காதுக்கு ஒன்றே. ஆனால் அன்றாட வழக்கிலுள்ள காஷ் காசுக்கு அந்நியம். சொற்பிறப்பு ஆய்வில் எடைபோடப்படுவது ஒலிமாற்றத்தின் ஒழுங்கும், பழைய ஆவணங்களில் சொல் தோன்றும் காலமும், அது கடந்துவந்த வழியுமே.

இந்தத் துறைக்கு யாழ்ப்பாணம் அந்நியமான மண்ணன்று. 1842 இல் வெளிவந்த, மானிப்பாய் அகராதி என்றும் அழைக்கப்படும் யாழ்ப்பாண அகராதி ஐம்பத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களைத் தொகுத்தது. 1862 இல் வெளியான உவின்சுலோவின் பேரகராதிக்கு அடிப்படையான வேலை யாழ்ப்பாணத்து மிசன் அறிஞர்களிடமே தொடங்கியது. நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் (1875–1947) யாழ்ப்பாண மன்னரின் நாணயங்களைப் பற்றியும் எழுதினார். தமிழ் வேர்களை இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் சொற்களோடு ஒப்பிட்டுச் சொற்பிறப்பு அகராதியும் தொகுத்தார். அவர் நிறுவ முயன்ற உறவுகள் பலவற்றை இன்றைய மொழியியல் ஏற்பதில்லை. ஆனால் ஒரு சொல்லைப் பற்றிப் பேசுமுன் பல மொழிகளைக் கற்று, ஒவ்வொன்றிலும் அதன் வடிவத்தைத் தேடி அடுக்கிய அந்த உழைப்பு, ஒலியை மட்டும் கேட்டு ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லும் இன்றைய சமூக ஊடகப் பகிர்வுகளில் இல்லை.

ஒரே ஒலியில் வேறு பிறப்பு உள்ள மூன்றாவது சொல்லையும் குறிப்பிட்டுவிடலாம். காசாளரைக் குறிக்கும் ‘கஷியர்’ பணப்பெட்டிக் காஷோடு சேர்ந்தது. ஆனால் படை அதிகாரி ஒருவரை அவமதித்துப் பதவி நீக்குவதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘கஷியர்’ என்ற வினைக்குப் பெட்டியோடும் தொடர்பில்லை, காசோடும் தொடர்பில்லை. அது செல்லாததாக்குதல் என்னும் பொருளில் ஒல்லாந்து, பிரெஞ்சு மொழிகளில் வழங்கிய வினையிலிருந்து படைவீரர் வழியாக வந்தது.

தமிழ் வழிவந்த காஷ் இன்று மறைந்து நிற்பதற்குக் காரணம் நாணய முறைகள் மாறியதுதான். சென்னையில் ரூபாய் வந்தபின்னரும் அது புதுக்கோட்டையில் அம்மன் காசாக இருந்தது. திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய் என்ற கணக்கு 1949 வரை நடந்தது. அந்நாட்டு நாணயங்களில் ஆங்கிலத்திலும் ‘காஷ்’ என்றே பொறித்திருந்தனர். அந்த முறை நீங்கியதோடு அச்சொல் புழக்கத்திலிருந்து நீங்கி நாணயம் சேர்ப்போரின் பட்டியல்களுக்குள் அடங்கிவிட்டது. இப்போது கேட்பவர் காதில் விழுவது பெட்டி வழிவந்த காஷ் ஒன்றே என்பதால், இன்னொன்றுக்கு உரிய பிறப்புச் சான்றை அதன் கையிலே கொடுத்துவிடுகிறோம்.